விமானம் விழுந்த பின் வரும் சர்வேயர்

குயிலாப்பாளையத்தில் "சர்வேயர் வந்திருக்கார்" என்று யாராவது சொன்னால் தெருவே எட்டிப் பார்க்கும். நிலம் அளக்க வந்தவர் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஆரோவில் பக்கம் மனை விலை ஏறியதிலிருந்து இங்கே அளவை என்பது ஓயாத வேலை. முந்திரித் தோப்பின் ஓரத்தில் சங்கிலி இழுப்பதும், புல வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பழைய எல்லைக் கல்லைத் தேடுவதும் சின்னப் பிள்ளைகளுக்கும் பழகிய காட்சி.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடை பெஞ்சில் என் தம்பி மகள் ஒரு கேள்வி கேட்டாள். ஊரிலேயே ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தோல் பை தைத்து விற்கிறாள். முதல் தடவையாக ஜெர்மனிக்கு விமானத்தில் பன்னிரண்டு பெட்டி அனுப்பப் போகிறாள். கையிலிருந்த போனில், ஹாங்காங் விமான நிலையத்தை ஒட்டிய கடலில் பின்பகுதி உடைந்து கிடக்கும் ஒரு சரக்கு விமானத்தின் படம்.

"பெரியப்பா, நம்ம பெட்டி போற பிளேன் இப்படி விழுந்துட்டா என்னா பண்றது? ஏஜென்டைக் கேட்டா, இன்சூரன்ஸ் இருந்தா சர்வேயர் வந்து பாப்பாருங்கறார். நெலம் அளக்கறவருக்கு அங்க என்னா வேலை?"

நான் பல வருடம் அந்த இன்சூரன்ஸ் சர்வேயர் வேலையைத்தான் பார்த்தேன். விமானம் விழுந்த இடத்துக்கு நான் போனதில்லை. ஆனால் மீனம்பாக்கம் சரக்குக் கூடத்தில் நனைந்த பெட்டிகளையும் நசுங்கிய பெட்டிகளையும் பிரித்துப் பார்த்துக் கணக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு டீ சொன்னேன். நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

யார் இந்தச் சர்வேயர்?

"2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் அடிச்சப்போ, தண்ணி புகுந்த காரை எல்லாம் ஒருத்தர் வந்து போட்டோ எடுத்து எழுதிக்கிட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கா கண்ணு?"

"இருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனி ஆளு."

"அதுதான் இல்ல. அவரைக் கூப்பிட்டது கம்பெனி, அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் கம்பெனி. ஆனா அவர் கம்பெனி ஆளு இல்ல. தனியா லைசென்ஸ் வாங்கினவர்."

இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 64யு.எம். என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்பை, உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் பார்த்து அறிக்கை கொடுத்த பிறகே தீர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். உரிமம் கொடுப்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தீ, இன்ஜினியரிங், மோட்டார், மரைன் கார்கோ என்று துறை வாரியாக உரிமம் பிரிந்திருக்கும். மோட்டார் உரிமம் மட்டும் உள்ளவர் சரக்கைப் பார்க்க முடியாது.

இதில் பலருக்குப் புதிதாக இருக்கும் செய்தி ஒன்று உண்டு. விமானத்தில் போகும் சரக்கும் காப்பீட்டுக் கணக்கில் மரைன் கார்கோதான், அதாவது கடல்சார் சரக்கு. இந்தத் தொழில் கப்பலிலிருந்து பிறந்தது. விமானம் பின்னால் வந்து அதே வீட்டில் குடியேறியது. அதனால் பாலிசியில் 'மரைன்' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து, இது கப்பலுக்கு உண்டான காகிதம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

விழுந்த இடத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்?

1999 ஜூலை 7-ஆம் தேதி மாலை, காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு ஒரு சரக்கு விமானம் கிளம்பியது. போயிங் 727. இந்தியாவில் பதிவு செய்யப்பட்டது. ஹிந்துஜா கார்கோ சர்வீசஸ் நிறுவனத்துடையது. உள்ளே நேபாளத்துக் கம்பளிக் கம்பளங்கள். மேலே ஏறிய சில நிமிடங்களில் நகரத்துக்குத் தென்மேற்கே உள்ள சம்பாதேவி மலையில் மோதியது. விமானத்தில் இருந்த ஐந்து பேரும் இறந்துபோனார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மலைச்சரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை உயிர்; அதற்கு அடுத்தது உடல்களை மரியாதையோடு மீட்பது. அந்த வேலை முடியும்வரை கணக்கு எழுதுகிறவருக்கு அங்கே இடமில்லை.

அதற்குப் பிறகு வருபவர்கள் விபத்துப் புலனாய்வாளர்கள். இன்று இந்தியாவில் அந்த வேலையைப் பார்ப்பது ஏ.ஏ.ஐ.பி. என்ற விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு. 2012-இல் தொடங்கப்பட்டது. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் பின்னிணைப்புதான் உலகம் முழுக்க இவர்களுக்கு வழிகாட்டி. இனி இப்படி நடக்காமல் தடுப்பதே விசாரணையின் நோக்கம், யார்மீதும் பழி சுமத்துவது நோக்கமல்ல என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கறுப்புப் பெட்டி அவர்களுடையது. உடைந்த துண்டுகள் அவர்கள் காவலில் இருக்கும். சர்வேயர் அனுமதி வாங்கித்தான் உள்ளே வரலாம். அவர்கள் விடுவிக்கும்வரை ஒரு போல்ட்டைக்கூட நகர்த்தக் கூடாது.

"அப்ப சர்வேயர் ஒருத்தர்தானா?"

"பெரிய விபத்துன்னா மூணு வகையா வருவாங்க கண்ணு. விமானத்தோட உடம்புக்கு ஒருத்தர். கீழ வீடு, தோட்டம், ஆளு யாருக்காவது சேதம் ஆயிருந்தா அந்தப் பொறுப்புக் கணக்குக்கு ஒருத்தர். உள்ள இருந்த சரக்குக்கு ஒருத்தர். ஒவ்வொருத்தரையும் அனுப்பறது வேற வேற இன்சூரன்ஸ்காரங்க."

விமான உடலை 'ஹல்' என்பார்கள். அது பெரும்பாலும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்பீடு செய்யப்பட்டிருக்கும். முழுக்க அழிந்தால் அந்தத் தொகை. பழுதுதான் என்றால், சரிசெய்யும் செலவு அந்த மதிப்பை எட்டுமா எட்டாதா என்று பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி தனியாகத் தாங்கக்கூடிய தொகையாக அது இருக்காது. மும்பையில் உள்ள ஜி.ஐ.சி. ரீ, லண்டன் சந்தை என்று மறுகாப்பீடாகப் பல தோள்களில் பங்கிடப்பட்டிருக்கும். அதனால் சர்வேயர் முதல் சில நாட்களிலேயே முதல்நிலை அறிக்கை ஒன்றை அனுப்புவார்: ஏறத்தாழ எவ்வளவு இழப்பு, எவ்வளவு பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று.

விபத்தின் காரணத்தைக் கண்டுபிடிப்பது சர்வேயர் வேலையல்ல. ஆனால் காரணம் அவருக்குத் தேவை. போர், குண்டு, கடத்தல் போன்றவற்றைச் சாதாரண ஹல் பாலிசி விலக்கி வைத்திருக்கும். அதற்குத் தனிப் பாலிசி எடுப்பார்கள். எது நடந்தது என்று தெரியாமல் மாதங்கள் ஓடினால், இரண்டு பாலிசிகளையும் கொடுத்த கம்பெனிகளும் ஆளுக்குப் பாதியை முதலில் கொடுத்துவிட்டு, உண்மை தெரிந்த பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்வதற்கான ஷரத்தும் உண்டு. நட்டப்பட்டவர் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த ஷரத்து அது.

முதல் கேள்வி: பட்டா யார் பேரில்?

நிலம் அளக்க வருபவர் சங்கிலியை எடுக்கும் முன் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கேட்பார். சரக்குச் சர்வேயரும் அப்படித்தான். விபத்து நடந்த அந்த நேரத்தில் இந்தப் பெட்டியின் நட்டம் யார் தலையில் விழும் என்பதே அவருடைய முதல் கேள்வி.

அதற்கான பதில் விற்பனை ஒப்பந்தத்தில் இருக்கும். எஃப்.சி.ஏ. என்று எழுதியிருந்தால், விமானக் கம்பெனியிடமோ வாங்குபவர் குறித்த ஏஜென்டிடமோ பெட்டியை ஒப்படைத்த நொடியிலிருந்து ஆபத்து வாங்குபவருடையது. சி.ஐ.பி. என்றாலும் ஆபத்து அதே இடத்தில்தான் கைமாறுகிறது. ஆனால் காப்பீட்டை எடுத்துக் கொடுக்கும் கடமை விற்பவருக்கு. டி.ஏ.பி. என்றால், ஜெர்மனியில் குறித்த இடத்துக்குப் போய்ச் சேரும்வரை ஆபத்து முழுக்க விற்பவர் தலையில்.

என் தம்பி மகள் ஒப்பந்தத்தைப் போனில் திறந்து பார்த்தாள். டி.ஏ.பி. என்று இருந்தது. "வெலையை மட்டும்தான் பெரியப்பா பாத்தேன்" என்றாள். நிறையப் பேர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

விமானத்துக்கும் இதே கேள்வி உண்டு. அவள் காட்டிய ஹாங்காங் படமே அதற்குச் சாட்சி. 2025 அக்டோபர் 20-ஆம் தேதி விடியும் முன் நடந்த விபத்து. துபாயிலிருந்து வந்த போயிங் 747 சரக்கு விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, ரோந்து வண்டி ஒன்றையும் இடித்துக் கடலில் தள்ளிவிட்டுத் தானும் கடலில் இறங்கியது. வண்டியில் இருந்த விமான நிலைய ஊழியர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்த நான்கு பேர் உயிர் தப்பினார்கள். பயண எண் எமிரேட்ஸுடையது. விமானமும் விமானிகளும் துருக்கியைச் சேர்ந்த ஏர் ஏ.சி.டி. நிறுவனத்தினர். ஆளோடு சேர்த்து விமானத்தை வாடகைக்கு எடுக்கும் இந்த ஏற்பாட்டில், எந்தப் பொறுப்பு எந்தப் பாலிசியில் போய் உட்காரும் என்பதை வாடகை ஒப்பந்தத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும். அந்த விமானத்தில் சரக்கு எதுவும் இல்லை என்று எமிரேட்ஸ் அறிவித்தது. ஆகவே அங்கே வேலை ஹல்லுக்கும் பொறுப்புக்கும்தான். சரக்குச் சர்வேயருக்கு வேலை இல்லை.

காகிதமும் சாம்பலும்

சரக்கு இருந்திருந்தால்? அவர் கையில் எடுக்கும் முதல் பொருள் காகிதம். ஏர்வே பில் என்ற 11 இலக்க எண் கொண்ட ரசீது. முதல் மூன்று எண் எந்த விமானக் கம்பெனி என்பதைச் சொல்லும். அதோடு விமானத்தில் ஏறிய மொத்தச் சரக்கின் பட்டியல், எந்தப் பலகையில் எந்தப் பெட்டி கட்டப்பட்டது என்ற குறிப்பு, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். ஆபத்தான பொருள் ஏதாவது ஏறியிருந்தால், அதைக் கேப்டனுக்குத் தெரிவித்த தனிச் சீட்டு.

அந்தக் கடைசிச் சீட்டு மிக முக்கியம். 2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாயிலிருந்து கிளம்பிய யு.பி.எஸ். நிறுவனத்தின் 747 சரக்கு விமானத்தில் தீப்பிடித்தது. சரக்கில் லித்தியம் பேட்டரிகள் ஏராளமாக இருந்தன. விமானிகள் இரண்டு பேரும் இறந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் கால் வைக்கும் யாருக்கும், கீழே கிடப்பதில் எது எரியும், எது நஞ்சு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். எரிந்த கார்பன் இழைத் தூசி நுரையீரலில் போய்த் தங்கும். முகக்கவசமும் காலணியும் இல்லாமல் நல்ல சர்வேயர் உள்ளே போக மாட்டார்.

காகிதம் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் உதாரணம். 1992 அக்டோபர் 4-ஆம் தேதி எல் அல் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் பெய்ல்மர்மேர் என்ற குடியிருப்பின் அடுக்குமாடிகள்மீது விழுந்தது. விமானத்தில் 4 பேர், கீழே 39 பேர், மொத்தம் 43 உயிர். அதன் வயிற்றில் என்னென்ன இருந்தது என்ற கேள்வி பல வருடம் அடங்கவில்லை. அந்தப் பகுதி மக்கள் உடல்நலக் கோளாறுகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நெதர்லாந்து நாடாளுமன்றமே விசாரணை வைத்தது. ஒரு சரக்குப் பட்டியல் முழுமையாகவும் உண்மையாகவும் இருப்பது, கிளைம் பணத்துக்கு மட்டுமல்ல, கீழே வாழ்கிறவர்களின் நிம்மதிக்கும் தேவை.

காகிதங்களைப் படித்த பிறகுதான் பொருள். கிடைத்த பெட்டிகளை சர்வேயர் மூன்றாகப் பிரிப்பார். நன்றாக இருப்பவை, சேதமானவை, அழிந்தவை. ஒவ்வொரு பெட்டியின் அடையாள எண்ணையும் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார். தீயில் போனதா, தீயணைப்பு நுரையில் நனைந்ததா, திறந்த வெளியில் கிடந்து மழையில் நனைந்ததா என்று தனித்தனியாக எழுதுவார். விமானம் விழுந்தாலும் எல்லாப் பெட்டியும் எரிந்துபோகும் என்பதில்லை. நனைந்ததை உடனே உலர்த்தினால் காப்பாற்றலாம். ஒரு வாரம் மூடி வைத்தால் பூஞ்சை பிடித்து அதுவும் போகும்.

"காப்பீடு இருக்கேன்னு சும்மா இருந்துடக் கூடாது கண்ணு. காப்பீடே இல்லாதவன் தன் பொருளை எப்படிப் பதறிக் காப்பாத்துவானோ, அப்படிக் காப்பாத்தணும். அதுக்கு ஆகிற நியாயமான செலவையும் பாலிசி கொடுக்கும்."

மிஞ்சியதை விற்றுக் காசாக்குவதைச் சால்வேஜ் என்பார்கள். மருந்து, உணவு போன்றவற்றை விற்கவிட மாட்டார்கள். சான்றோடு அழிக்க வேண்டும். பெயர் பெற்ற பொருள் என்றால் முத்திரையை நீக்கிவிட்டு விற்பார்கள்.

பன்னிரண்டு பெட்டிக்குக் கணக்கு

அவளுடைய சரக்கையே எடுத்துக்கொண்டு டீக்கடைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். பெட்டிக்கு 10 பை. பன்னிரண்டு பெட்டிக்கு 120 பை. ஒரு பை, ஜெர்மனி போய்ச் சேரும் கூலியும் காப்பீடும் சேர்த்து 2,500 ரூபாய். மொத்தம் 3,00,000. வழக்கப்படி அதன்மேல் 10 சதவீதம் சேர்த்துக் காப்பீடு செய்தால் 3,30,000. பெட்டிக்கு 27,500.

விபத்தில் 4 பெட்டி முழுக்க எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 4 பெருக்கல் 27,500, ஆக 1,10,000. மீதி 8 பெட்டி நனைந்துவிட்டது. அவற்றின் காப்பீட்டு மதிப்பு 2,20,000. நல்ல நிலையில் இருந்திருந்தால் அந்த ஊர்ச் சந்தையில் 2,40,000 ரூபாய்க்குப் போயிருக்கும். கறை படிந்ததால் 60,000-க்குத்தான் போகிறது. அதாவது நான்கில் மூன்று பங்கு மதிப்பு போய்விட்டது, 75 சதவீதம். அந்த 75 சதவீதத்தை 2,20,000-இல் போட்டால் 1,65,000. இரண்டையும் கூட்டினால் 2,75,000 ரூபாய்.

"அம்புட்டுத்தானா?" என்றாள். வழிமுறை அவ்வளவுதான். ஆனால் அந்த 60,000 சரியா, 2,40,000 சரியா என்பதில்தான் சர்வேயரின் அனுபவமும் நேர்மையும் இருக்கிறது. இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு, எழுத்தில் வாங்கி, அறிக்கையோடு இணைப்பவர் நல்ல சர்வேயர்.

பாலிசி எதைத் தராது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். விமானச் சரக்குக்கான வழக்கமான ஷரத்துகளில், போதாத பேக்கிங்கால் வந்த சேதம், பொருளின் இயல்பிலேயே உள்ள கோளாறு, தாமதத்தால் வந்த நட்டம் ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். விபத்தால் ஓடுபாதை மூடப்பட்டு, வேறு விமானத்தில் காத்திருந்த மல்லிகைப்பூ வாடினால், வாடியது உண்மை, நட்டமும் உண்மை. ஆனால் அது தாமதத்தின் கணக்கு. பூ, இறால் அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் அனுப்ப வேண்டும்.

விமானக் கம்பெனி தராதா?

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் ஒரு கேள்வி போட்டார். "சார், விழுந்தது அவங்க பிளேனு. அவங்கதானே குடுக்கணும்? எதுக்குத் தனியா இன்சூரன்ஸ்?"

நியாயமான கேள்வி. நாடுகளுக்கு இடையிலான விமானச் சரக்குக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. அதன்படி சரக்கு தன் பொறுப்பில் இருக்கும்போது வந்த சேதத்துக்கு விமானக் கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும்; கவனக்குறைவு என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் வரம்பு உண்டு. அது கிலோ கணக்கில் வரும் வரம்பு. 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது. நம் பணத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவளுடைய பெட்டி ஒன்று 5 கிலோ. பன்னிரண்டும் 60 கிலோ. எல்லாமே அழிந்தாலும் விமானக் கம்பெனியின் பொறுப்பு 1,80,000 ரூபாய்ச் சுற்றில் நின்றுவிடும். பொருளோ மூன்று லட்சம். ஊதுபத்தி, மண்பாண்டம் போலக் கிலோவுக்கு விலை குறைந்த சரக்குக்கு இந்த வரம்பு போதும். தோல் பை, பட்டு, வெள்ளி நகை போன்றவற்றுக்குப் போதாது.

வரம்பை உயர்த்த ஒரு வழி இருக்கிறது. ஏர்வே பில்லில் மதிப்பு அறிவிக்க ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலான ஏஜென்டுகள் அதில் என்.வி.டி. என்று போட்டுவிடுவார்கள்; மதிப்பு அறிவிக்கப்படவில்லை என்று பொருள். அங்கே உண்மை மதிப்பை எழுதி, கூடுதல் கட்டணம் செலுத்தினால் அந்தத் தொகைவரை பொறுப்பு உயரும்.

நாள் கணக்கும் உண்டு. சேதமான சரக்கைப் பெற்றவர் 14 நாட்களுக்குள் விமானக் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். தாமதம் என்றால் 21 நாள். வழக்குத் தொடர இரண்டு வருடம். 14 நாளைத் தவறவிட்டால், மோசடி நடந்ததாகக் காட்டினால் தவிர, விமானக் கம்பெனிமீது உரிமை போய்விடும். அது உங்கள் காப்பீட்டையும் பாதிக்கும். ஏனென்றால் காப்பீட்டுக் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, உங்கள் இடத்தில் நின்று விமானக் கம்பெனியிடம் கேட்கும் உரிமையைப் பெறுகிறது. அதைச் சப்ரோகேஷன் என்பார்கள். 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 79-ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் அந்த உரிமையைத் தொலைத்துவிட்டால் அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. புகார்க் கடிதம் போட்டாயிற்றா என்று சர்வேயர் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.

சர்வேயர் சொன்னால் முடிந்ததா?

அளவுக்காரர் கல் நட்டபின் அதை ஏற்காதவர் மேல்முறையீடு செய்யலாம் அல்லவா? இங்கேயும் செய்யலாம். சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல, அதிலிருந்து விலகவே கூடாத அளவுக்குப் புனிதமானதும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியது. அதே ஆண்டு ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில் இன்னொன்றையும் சொல்லியது: தனக்குப் பிடித்த அறிக்கை வரும்வரை ஒருவர் மாற்றி ஒருவராகச் சர்வேயரை நியமித்துக்கொண்டே போகக் காப்பீட்டுக் கம்பெனிக்கு உரிமை இல்லை. இந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் சர்வேயரின் இடம் விளங்கும். அவர் சொல்லுக்கு எடை உண்டு. அந்த எடை ஆதாரத்திலிருந்து வர வேண்டும், யார் சம்பளம் கொடுத்தார்கள் என்பதிலிருந்து வரக் கூடாது.

தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், பொதுவாக 30 நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் விதித்தன. 2024-இல் ஆணையம் காலக்கெடுக்களை மேலும் சுருக்கியது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேளுங்கள். கணக்கில் தவறு இருந்தால் எழுத்தில் சொல்லுங்கள். அப்படியும் தீராவிட்டால், தனிநபர்களும் குறுந்தொழில் செய்வோரும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய்வரை அவர் விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

சர்வேயர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நானும் அந்த மரபில் வந்தவன் என்பதால் சொல்கிறேன். உங்களை அனுப்பியது கம்பெனி என்றாலும் உங்கள் கையெழுத்துக்காக இரண்டு தரப்பும் காத்திருக்கிறது. ஒரு பெட்டியைக் குறைத்து எழுதினால், அது யாரோ ஒரு தையல்காரப் பெண்ணின் மாதச் சம்பளம். ஒரு பெட்டியைக் கூட்டி எழுதினால், நேர்மையாகப் பிரீமியம் கட்டும் எல்லோரின் பணம். இரண்டும் ஒரே அளவு தவறு.

டீ ஆறிவிட்டது. கடைக்கார அக்கா மறுபடி சூடாக்கிக் கொடுத்தார். என் தம்பி மகள் காகிதத்தைத் திருப்பி, தான் செய்ய வேண்டியதை எழுதிக்கொண்டாள். அதையே இங்கே தருகிறேன். மூடும் முன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் படம் எடுத்து வைப்பது. எடையும் எண்ணிக்கையும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஏர்வே பில் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஆபத்து எந்த இடத்தில் கைமாறுகிறது என்று ஒப்பந்தத்தில் படித்து, தன் பங்கு இருக்கும் தூரம்வரை கிடங்கிலிருந்து கிடங்குவரை காப்பீடு எடுப்பது. பாலிசிச் சான்றிதழில் அந்த நாட்டில் யாரை அழைக்க வேண்டும் என்று இருக்கும் சர்வேயர் அல்லது ஏஜென்ட் விலாசத்தை, வாங்குபவருக்கு முன்கூட்டியே அனுப்பி வைப்பது.

சரக்கு விமானங்கள் விழுவது அரிது. அதனாலேயே யாரும் இதையெல்லாம் முன்பே யோசிப்பதில்லை. ஆனால் மீனம்பாக்கத்தில் ஒரு மழை நாளில் தார்ப்பாய் விலகினாலும் இதே கணக்குத்தான், இதே காகிதங்கள்தான், இதே 14 நாள்தான். குயிலாப்பாளையத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பெட்டியின்மேல் டேப் ஒட்டும் முன், இந்த நான்கையும் முடித்துவிட்டு ஒட்டுங்கள்.